எண் இருபத்து நான்கு: பொன்னையன்பங்கஜாட்சி

கேரள எல்லைக்குள் இருக்கும் குன்னத்துகால் பக்கத்தில் வேலை என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுத்தவர் பங்கஜாட்சி. முப்பத்தோரு வருடம் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தவர். அவர் கணக்கில் வேலை செய்கிற ஆள் காலையில் வீட்டை விட்டுப் போக வேண்டும். சாயங்காலம் திரும்பி வரும்போது கையில் கறையாவது, காலில் சேறாவது, ஒன்றுமில்லாவிட்டால் முகத்தில் ஒரு எரிச்சலாவது இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு ஆண்பிள்ளை நான்கு வருடமாக அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மருமகன் சுயம்பு.

சுயம்புவுக்கு வயது முப்பத்தொன்பது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பிறந்து, எல்லை தாண்டி இந்தப் பக்கம் பெண் எடுத்தவர். திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் உத்தியோகம். தொற்றுக்காலத்தில் எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன கம்பெனி, பிறகு யாரும் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று கட்டிடத்தையே காலி செய்துவிட்டது. மனைவி ஷைலஜாவுக்கு தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூட வேலை. எனவே குடும்பம் மாமியார் வீட்டில் ஊன்றியது. இடுப்புக்குக் கீழே கைலியும் இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையுமாக சுயம்பு தினமும் கம்பெனிக்குக் காட்சியளித்தார். கம்பெனிக்கு மேல்பாதி தெரிந்தது. மாமியாருக்கு முழுசும் தெரிந்தது.

வீட்டுக்கு யார் வந்து மருமகனை விசாரித்தாலும் பங்கஜாட்சிக்கு ஒரே பதில்தான்.

“உள்ள இருக்கியான்.”

வேலை பார்க்கிறான் என்று சொல்வதில்லை. இருக்கிறான். ஒரு மனிதனின் நான்கு வருட வாழ்க்கை வரலாற்றை ஒரு வினைச்சொல்லில் அடக்க வல்லவர் அவர்.

சுயம்பு ஒருநாள் தன் தொழிலை விளக்கிப் பார்த்தார். ஒரு கம்பெனிக்கு நாற்பது ஊரில் கிடங்கு இருக்கிறது. ஒவ்வொரு கிடங்கும் தினம் ஒரு கோப்பு அனுப்பும். நாற்பதையும் தனித்தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது. ஆகவே சுயம்பு எழுதிய நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நிற்காமல், ஒரே நீளக் கோப்பு போல வாசிக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் திறந்துகொள்ளும். எத்தனை கோப்பு, எது எங்கே முடிந்தது என்ற கவலையே வேண்டாம். ஓடை மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

பங்கஜாட்சி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப நாப்பதும் தானா திறக்கும், தானா வாசிக்கும்.”

“ஆமா மாமி.”

“பின்ன நீ எதுக்கு மக்கா?”

இந்தக் கேள்வியை மேலதிகாரிகள் இன்னும் கேட்கவில்லை என்பது ஒன்றே சுயம்புவின் வாழ்வில் நிம்மதி. ஆனால் மாமியார் கேட்டுவிட்டார். அன்று முதல் சுயம்புவுக்குப் பதவி உயர்வில் ஆசை போய்விட்டது. தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று பங்கஜாட்சியின் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். அது போதும் என்று ஆகிவிட்டது.

அதற்கான வாய்ப்பு பாயச வடிவில் வந்தது.

ஊர் வாசகசாலை வருடந்தோறும் ஓணத்தையொட்டி, அரிசி அடையைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சுகிற அடைப்பிரதமன் பாயசத்துக்கு ஒரு போட்டி நடத்தும். ஆறு வார்டுக்காரர்கள் கலந்துகொள்வார்கள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பட்டியல். ஒவ்வொரு பட்டியலிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் போன வருடம் மூன்றாம் எண்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். நடுவர் முதல் பரிசு மூன்றாம் எண்ணுக்கு என்று அறிவித்ததும் ஆறு பேரும் மேடை ஏறினார்கள். ஐந்தாம் வார்டின் மூன்றாம் எண் பங்கஜாட்சி. பரிசு இரண்டாம் வார்டுக்காரிக்குப் போயிற்று. அது தன் பாயசத்துக்குக் கிடைத்த பரிசுதான் என்பதில் பங்கஜாட்சிக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

இந்த வருடம் ஷைலஜா வாசகசாலைக் கூட்டத்தில் எழுந்து, ஆறு பட்டியலையும் ஒரே வரிசையாக்கி, எண்ணைத் தொடர்ச்சியாகப் போட்டுத்தர வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் கணவனிடம் கேட்டார்.

“இதுதானே ஒங்க வேல? அம்மைக்க கண்ணு முன்னால செஞ்சு காட்டுங்க, பாப்போம்.”

சுயம்புவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாற்பது கிடங்கை மேய்த்தவனுக்கு ஆறு வார்டு எம்மாத்திரம்.

பட்டியல்களைத் தட்டச்சு செய்து தரும் பொறுப்பு வாசகசாலைச் செயலாளர் பொன்னையனுடையது. இவர் எல்லைச் சோதனைச்சாவடி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்கஜாட்சிக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். அந்த மதிலோடு நான்காம் வார்டு முடிந்து ஐந்தாம் வார்டு ஆரம்பிக்கிறது. மதிலைத் தாண்டிப் பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது.

காரணம் ஒரு சொல். பங்கஜாட்சி வைத்த பாயசத்தைக் குடித்துவிட்டு பொன்னையன் “கொள்ளாம்” என்றார். இந்தச் சொல்லை வெட்டிச் சொன்னால் பிரமாதம் என்று பொருள். இழுத்துச் சொன்னால் ஏதோ குடிக்கலாம் என்று பொருள். பொன்னையன் இழுத்துவிட்டார். நாக்கு வெந்துவிட்டதால் இழுத்தேன் என்று அவர் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் சொல்லவில்லை. பங்கஜாட்சியும் அன்றிலிருந்து பொன்னையன் அண்ணன் என்பதை விட்டுவிட்டு ‘அங்கேரு’ என்று சொல்லத் தொடங்கினார். அண்ணனுக்கும் அங்கேருக்கும் இடையே உள்ள தூரம் களியக்காவிளைக்கும் காசிக்கும் இடையே உள்ள தூரம்.

இந்த வருடம் பொன்னையனும் போட்டியில் பெயர் கொடுத்திருந்தார். மதில் சும்மா இருக்குமா.

சுயம்பு செயலாளருக்குக் கறாராக ஒரு நிபந்தனை போட்டார். வீட்டு வரிசைப்படி, வரிக்கு ஒரு பெயர். மேலே வார்டு எண்ணைத் தலைப்பாகப் போடக் கூடாது. போட்டால் அதையும் நிரல் ஒரு பெயராக எண்ணி, ‘நான்காம் வார்டு’ என்பவரும் பாயசம் காய்ச்ச வந்து நிற்பார். இந்த முன்ஜாக்கிரதையை நினைத்து அவரே இரண்டு நாள் பெருமைப்பட்டார். அலுவலகத்துக் கோப்புகளுக்கு இன்னும் பத்து விதமான சோதனைகள் வைத்திருந்தார். ஊர் வேலைக்கு அவ்வளவு எதற்கு என்று அவற்றை விட்டுவிட்டார்.

ஆறு கோப்பும் வந்தன. மாமியார் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டு வாசலில் இருந்தபோதே சுயம்பு நிரலை ஓட்டினார். கண் இமைக்கும் நேரம். பட்டியல் விழுந்தது. முப்பத்தாறு பேர், ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை ஒரே சீரான எண்.

பொன்னையன் கைபேசியில் அழைத்து, தன் எண்ணிக்கைப்படி நாற்பத்தொன்று வருகிறதே என்று சந்தேகம் கேட்டார். எண்ணுவதற்கு மனிதனை நம்பக் கூடாது என்று சுயம்பு மரியாதையாகத் தெரிவித்தார். செயலாளர் லேசில் விடுகிற ஆளில்லை. ஆனால் அடுப்புக்கு மூன்று செங்கல் வீதம் முப்பத்தாறு அடுப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நூற்றெட்டு என்று வந்தது. நூற்றெட்டு. கடவுளே அச்சடித்துக் கொடுத்தது போன்ற எண். அதற்கு மேல் சந்தேகப்படுவது தெய்வ குற்றம் என்று பொன்னையன் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, இனி ஒரு பெயர் சேர்ப்பதற்கில்லை என்று ஒரு வரியும் எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அச்சான பட்டியலை ஊரில் எல்லாரும் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மேரிதங்கம், சுனில்குமார், கல்யாணசுந்தரி என்று இரண்டு பெயர் ஒட்டி ஒரு ஆளாக நடமாடுகிற ஊரில், பெயர் கொஞ்சம் நீளமாக இருப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அவரவர் வீட்டுப் பெயர் கண்ணில் பட்டதும் திருப்தியோடு மடித்து வைத்துவிட்டார்கள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. வாசகசாலை முற்றத்தில் முப்பத்தாறு அடுப்பு, வரிசை பிசகாமல். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த நடுவர் ஸ்ரீகலா ஓய்வுபெற்ற ஆசிரியை; வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் எண்ணையும் பெயரையும் வாசித்தார். ஏழாம் எண்ணில் முதல் சலசலப்பு. அதை யாரோ சிரித்துச் சமாளித்தார்கள். இருபத்து நான்காம் எண் வந்தது.

“பொன்னையன்பங்கஜாட்சி.”

ஒரு பக்கத்திலிருந்து பொன்னையன் பாயசம் காய்ச்சும் உருளியோடு எழுந்தார். மறுபக்கத்திலிருந்து பங்கஜாட்சி உருளியோடு எழுந்தார். இருவரும் ஒரே அடுப்பின் முன்னால் வந்து நின்றார்கள். பதினோரு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. ஸ்ரீகலா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மலையாளத்தில் கேட்டார்.

“இது ஒராளோ, ரண்டாளோ?”

முற்றம் சிரித்தது. கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரு எண் போலிருக்கிறது என்று யாரோ சொன்னதும் சிரிப்பு இரட்டித்தது. பங்கஜாட்சி சிரித்த எல்லாரையும் விட்டுவிட்டு மருமகனைப் பார்த்தார். முந்திரிக் கொட்டையை உடைப்பதற்கு முன்பு பார்க்கிற பார்வை.

சுயம்பு மடிக்கணினியைத் திறந்து நான்காம் வார்டுக் கோப்பை எடுத்தார். கடைசி வரியில் பொன்னையன். பெயரின் கடைசி எழுத்துக்குப் பிறகு அம்புக்குறியைக் கீழே நகர்த்தினார், நகரவில்லை. கீழே போக இடமே இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

கணினிக்கு ஒரு வரி முடிந்தது என்று கண்ணால் தெரியாது. எண்டர் தட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி விழும். அதைப் பார்த்துத்தான் அது அடுத்த வரிக்குப் போகும். கோப்புகளை ஓடையாக ஒன்றன்பின் ஒன்று விடும்போது, முதல் கோப்பின் கடைசிப் பெயருக்குப் பிறகு அந்தக் குறி இல்லாவிட்டால், அடுத்த கோப்பின் முதல் பெயர் வந்து அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆறு கோப்பென்றால் ஐந்து சந்திப்பு. ஐந்து சந்திப்பிலும் இரண்டிரண்டு பேர் ஒருவராகியிருந்தார்கள். நாற்பத்தொன்றில் ஐந்து போனால் முப்பத்தாறு. வீட்டு வரிசைப்படி எழுதிய பட்டியல் ஆனதால், ஒட்டியவர்கள் எல்லாரும் மதிலுக்கு அப்புறமும் இப்புறமும் இருப்பவர்கள்.

கடைசியில் எண்டர் தட்டவில்லையா என்று சுயம்பு மெதுவாகக் கேட்டார். பொன்னையன் அந்தக் கேள்வியையே அவமானமாக எடுத்துக்கொண்டார்.

“எலே, முப்பது வருசம் செக்போஸ்ட் ரிஜிஸ்டர் எழுதினவனாக்கும் நான். கடைசி பேருக்க கீழ ஒரு வரி சும்மா கெடந்தா, அதுல ஒரு லாரி ஏறும். நான் தட்டித் தட்டி மேல ஏத்திட்டுதான் மூடுவேன்.”

அதாவது கணினி தானாக விட்ட இடத்தையும் இவர் ஆறு கோப்பிலும் தேடிப் பிடித்து அழித்திருக்கிறார். ஒரு லாரி ஏறாமல் தடுத்ததில், அண்டை வீட்டார் ஐந்து ஜோடி ஒன்றாகிவிட்டார்கள்.

மற்ற நான்கு ஜோடிகளுக்குப் பிரச்சினை இல்லை. மனுவும் ஜின்சியும் ஏற்கெனவே ஒரே உருளியைத்தான் இரவல் வாங்கியிருந்தார்கள். இன்னொரு ஜோடியில் ஒருவருக்கு அடையை வேகவைக்கத் தெரியாது, மற்றவருக்கு இறக்கத் தெரியாது; அவர்கள் இந்த ஏற்பாட்டை மனதார வரவேற்றார்கள். சிக்கல் இருபத்து நான்காம் எண்ணில் மட்டும்தான். இன்னொரு அடுப்பு போட்டு இருபத்து நான்கு ஏ என்று எண் கொடுக்கலாம் என்று சுயம்பு ஒரு யோசனை சொன்னார். நடுவர், செயலாளர் கையெழுத்திட்ட தாளைத் தூக்கிக் காட்டினார். இனி ஒரு பெயர் சேர்ப்பதற்கில்லை. பொன்னையன் தன் கையெழுத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதியதை மாற்றி எழுதுகிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

எல்லாப் பழியையும் பொன்னையன் தலையில் போட்டுவிட சுயம்புவுக்கு அருமையான சந்தர்ப்பம். மாமியாருக்கும் அது தேனாக இனித்திருக்கும். வாயெடுத்தார். ஆனால் பழி பொன்னையனுடையது என்றால், நிரல் எழுதியவன் அங்கே எதற்கு என்ற பழைய கேள்வி மறுபடி எழுந்து நிற்கும். தவிரவும், அது உண்மையுமில்லை. அலுவலகத்தில் இதே விஷயத்துக்காகவே எழுதி வைத்த சோதனை ஒன்று அவரிடம் இருந்தது.

“அவருக்க தப்பு இல்ல மாமி. பிழை எனக்க வேலையிலயாக்கும். ஒரு கோப்பு ஒழுங்கா முடிஞ்சுதாண்ணு பாத்துட்டுதான் அடுத்தத விடணும். நான் பாக்கல்ல.”

பங்கஜாட்சி உருளியை அடுப்பில் ஏற்றினார். போன வருடம் கைநழுவிய பரிசை இந்த வருடம் கோபத்துக்குப் பலி கொடுக்கிற ஆள் அவர் அல்ல. பொன்னையனைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

“சர்க்கரைய உருக்கச் சொல்லு அங்கேர.”

இரண்டடி தூரத்தில் நின்றவருக்கு இந்தச் செய்தியைச் சுயம்பு கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்து பதிலையும் கொண்டுவந்தார். சற்று நேரம் இப்படி மூன்று பேர் சமையலாக நடந்தது. அந்த ஊரில் சர்க்கரை எனப்படும் வெல்லம் உருகி அடையோடு சேர்ந்தது. மூன்றாம் பாலை விட்டார்கள். தேங்காயை மூன்றாம் தடவை பிழிந்தெடுத்த அந்தத் தண்ணீர்ப்பால் கொதித்து வற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகுதான் இரண்டாம் பால். அதுவும் குறுகிய பிறகுதான் கெட்டியான முதல் பால். பொன்னையனுக்குப் பொறுமை போதவில்லை. மூன்றாம் பால் இன்னும் தளதளத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் பால் பாத்திரத்தைச் சாய்க்கப் போனார். பங்கஜாட்சி பதினோரு வருட விரதத்தை மறந்து நேராக அவரிடமே பேசிவிட்டார்.

“அண்ணே, கைய எடும். ஒண்ணு வத்தாம அடுத்தத விட்டா ரெண்டும் சேந்து கஞ்சித்தண்ணியாப் போவும்.”

சொல்லிவிட்டு அகப்பையோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாக மருமகன் பக்கம் திரும்பினார்.

“இதுதானா மக்கா ஒனக்க பிழை?”

“எது மாமி?”

“ஒண்ணு முடிஞ்சுதாண்ணு பாக்காம அடுத்தத விட்டது.”

சுயம்பு கொஞ்சம் யோசித்தார். தன் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

“அதாக்கும் மாமி.”

“மூணு பாலும் ஒரே பாத்திரத்துலதான் போவுது. சும்மா ஊத்தினாப் போதும் எண்ணு நெனைக்கப்பிடாது. நடுவுல நிண்ணு பாக்க ஒரு ஆளு வேணும்.”

“அந்த ஆளு நானாக்கும்.”

“பின்ன ஒழுங்கா நிண்ணு பாக்கணும்லா. கண்ணு எங்க வச்சிருந்த நீ? இவ்வளவு படிச்சிட்டு இதத்தான் செய்வியா?”

முற்றத்தில் இருந்தவர்களுக்கு இது திட்டு. அனுதாபப்பட்டு ஒருவர் சுயம்புவின் தோளைத் தட்டவும் செய்தார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. நான்கு வருடத்தில் மாமியார் அவரைச் சாப்பாட்டுக்காகத் திட்டியிருக்கிறார், குளிக்கத் தாமதித்ததற்காகத் திட்டியிருக்கிறார், விசிறியைச் சுழலவிட்டுப் போனதற்காகத் திட்டியிருக்கிறார். வேலைக்காகத் திட்டியது இதுதான் முதல் தடவை. ஷைலஜா கூட்டத்தின் நடுவிலிருந்து, இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று, திட்டுவாங்கிக்கொண்டு இளிக்கிறாரே என்று கண்ணால் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று சுயம்பு கையால் சொன்னார்.

முதல் பாலை விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கி, வறுத்த தேங்காய்த் துண்டும் முந்திரியும் போட்டார்கள். முந்திரியை உடைத்துப் போடும் உரிமையை மட்டும் பங்கஜாட்சி யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பொன்னையன் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். அபிப்பிராயம் சொல்ல வாய் திறந்தவர், என்ன நினைத்தாரோ, இன்னொரு கரண்டி எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். அறிவுள்ள மனிதர்.

இருபத்து நான்காம் எண்ணுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு இரண்டு அடுக்கு டிபன் கேரியர். நடுவர் மேடையில் வைத்துக் கொடுத்தபோது ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். யார் வீட்டில் வைப்பது என்ற விவாதம் நெடுநேரம் நடந்து, மேல் அடுக்கு ஐந்தாம் வார்டுக்கும் கீழ் அடுக்கு நான்காம் வார்டுக்கும் போவது என்று முடிவாயிற்று. மூடி யாருக்கு என்று தீராததால் அதுவும், இரண்டையும் தாங்குகிற சட்டமும் வாசகசாலை அலமாரியில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் நூலகரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்.

திங்கட்கிழமை காலை சுயம்பு சட்டையை மாட்டிக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தார். கணினித் திரையில் கம்பெனிக்காரர்கள் ஒன்பது பேர் வரிசையாகத் தெரிந்தார்கள். வாசலில் பங்கஜாட்சியின் பழைய ஆலைத்தோழி ஒருத்தி வந்து நின்று, முதல் பரிசு போய்விட்டதாமே, என்ன காரணம் என்று துக்கம் விசாரித்தாள்.

“அதையேன் கேக்க. எனக்க மருமவனுக்க வேலையில ஒரு பிழை வந்துட்டு.”

தோழி சற்றுத் திகைத்துப் போனாள்.

“அவன் சும்மா உள்ள இருக்கியான் எண்ணுல்லா நீ சொல்லுவ? அவனுக்கு வேலை உண்டா?”

“வேலை இல்லாமலா அதுல பிழை வரும்? பெரிய பிழையாக்கும். எல்லாரும் கெடந்து செய்யக்கூடிய பிழை ஒண்ணும் இல்ல அது. படிச்சவனுக்குத்தான் வரும்.”

மேலதிகாரி திரையில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சுயம்பு அவருடைய குரலைக் குறைத்துவிட்டு, மாமியார் அந்தப் பிழையின் அளவை இன்னும் எவ்வளவு தூரம் நீட்டுவார் என்று கேட்பதற்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டார். நாற்காலி நகர்ந்ததில் கைலியும் திரையில் வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.